வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்

நோர்வேயில் பிள்ளைகள் இருக்கிற தெமட்டகொடை வீடுகளுக்குப் பெப்ரவரியில் பனிப்படங்கள் வந்து குவியும். அங்கே பாடசாலைகளுக்கு ஒரு வாரக் குளிர்கால விடுமுறை. கெய்லோ, ட்ரிசில் போன்ற மலை ஊர்களுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டுவிடுவார்கள். பேரப்பிள்ளை இரண்டு நீளப் பட்டைகளில் நிற்பதைக் கண்டதும், "பிள்ளை வழுக்கி விழாதா?" என்றுதான் இங்கே கேட்போம். எனக்கு அதைவிட வியப்பானது வேறு. வழுக்குவதற்கென்றே செய்த ஸ்கீயைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறுகிறார்களே, எப்படி?

பதில் ஸ்கீயின் வளைவில் இருக்கிறது. பனியில் நடந்து போவதற்கான ஸ்கீயைத் தரையில் வைத்துக் குனிந்து பாருங்கள். நடுப்பகுதி நிலத்தைத் தொடாமல் மெல்ல எழும்பி நிற்கும். இரண்டு காலிலும் பாரத்தைப் பகிர்ந்து நின்றால், காலடியில் செருகிய தாளை இழுத்து எடுக்கலாம். ஒரே காலில் முழுப் பாரத்தையும் போட்டால் வளைவு படிந்துவிடும், தாள் அசையாது. ஆளின் எடைக்கு ஸ்கீ பொருந்துமா என்று பார்ப்பதற்கும் இதே தாள்தான்.

அந்த நடுப்பகுதியில் ஒட்டும் மெழுகைப் பூசுவார்கள்; முன்னும் பின்னும் வழுக்கும் மெழுகு. காலால் உந்தும்போது நடு மெழுகு பனியில் அழுந்தும், பனித்துகள்களின் முனைகள் அதில் பதிந்து பிடிக்கும். பாரம் விலகியதும் நடு எழும்பும், ஸ்கீ முன்னோக்கி வழுக்கும். ரயில் ஷெட்டில் வேலை செய்த தெமட்டகொடைக்காரருக்கு இது எளிதில் விளங்கும்: ஏற்றத்தில் எஞ்சின் சில்லு சுழன்றால் தண்டவாளத்தில் மணல் விடுவார்கள் அல்லவா?

மெழுகு வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். கடுங்குளிருக்குக் கடினமான பச்சை, அதற்கு மேல் நீலம், பூச்சியத்தை நெருங்கினால் மென்மையான சிவப்பு. குளிர்நாளில் மென்மையானதைப் பூசினால் பனி கட்டிகட்டியாக அடியில் ஒட்டிக்கொள்ளும். இந்தத் தொல்லை வேண்டாம் என்று, பின்னோக்கிச் சாய்ந்த உரோமப் பட்டி ஒட்டிய ஸ்கீயைப் பல குடும்பங்கள் இப்போது வாங்குகின்றன.

இந்தக் கலை மிகப் பழையது. நோர்வேயின் டிகெர்வார்டன் மலைப்பனி உருகியபோது 2014இல் ஒரு மர ஸ்கீயும் 2021இல் அதன் சோடியும் வெளிப்பட்டன. வயது ஏறத்தாழ 1300 ஆண்டுகள். பழுது பார்த்துப் பார்த்துப் பாவித்த அடையாளம் அதில் உண்டு.

வேகத்துக்காகப் புளோரின் கலந்த மெழுகும் வந்தது. மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாத நஞ்சு அது. 2023-24 பருவத்திலிருந்து சர்வதேசப் போட்டிகளில் அதற்குத் தடை. மிகச் சரியான முடிவு. மலையில் உருகும் பனிதானே கீழே ஆற்றுநீர்.