வேகத்தில் திணறும் எஞ்சின்

காரைக்கால் பக்கம் ஒரு மீனவக் கிராமம். அங்கே ஓர் அண்ணன் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். பின்னால் மாட்டும் எஞ்சின். மண்ணெண்ணெயில் ஓடுவது.

ஒரு நாள் காலை. நல்ல மீன்பாடு. கரைக்குத் திரும்பினார்கள். அரசலாற்று முகத்துவாரம் வந்தது. அங்கே அலை புரளும். அலைக்கு முன்னால் வேகமாக உள்ளே நுழைந்துவிட வேண்டும். அண்ணன் வேகத்தைக் கூட்டினார். எஞ்சின் திணறியது. குறைத்தால் ஒழுங்காக ஓடியது. கூட்டினால் மூச்சு முட்டியது. பின்னால் வந்த அலை படகைக் குறுக்கே திருப்பியது. பாதி மீன் கடலோடு போயிற்று. ஆள்கள் பிழைத்ததே பெரிய காரியம்.

மெக்கானிக்கிடம் போனார்கள். “கார்பரேட்டர் போச்சு, மாத்தணும்” என்றார் அவர். மாற்றினார்கள். கையில் இருந்த காசு போயிற்று. மறுநாளும் அதே திணறல்!

அண்ணனின் மாமா வந்து பார்த்தார். வயதானவர். இப்போது கடலுக்குப் போவதில்லை.

“மாப்ளே, எண்ணெய் டேங்க் மூடியிலே சின்னத் திருகு இருக்கே, அதைத் திறந்தியா?”

“அலைத் தண்ணி உள்ளே போயிடும்னு மூடி வச்சேன் மாமா.”

“அதுதான்யா கோளாறு!”

அந்தத் திருகு எதற்கு? காற்று உள்ளே போவதற்கு. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டு ஊற்றிப் பாருங்கள். விட்டு விட்டு வரும். எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போடுங்கள். சீராக வரும். டேங்கும் அப்படித்தான். எண்ணெய் வெளியே போகப் போக, காற்று உள்ளே வர வேண்டும்.

மெதுவாக ஓடும்போது எஞ்சினுக்குக் கொஞ்சம் எண்ணெய் போதும். முழு வேகத்தில் இந்த எஞ்சின்கள் நிமிடத்துக்குச் சுமார் 5000 சுற்று சுற்றும். அப்போது எண்ணெய் நிறைய வேண்டும். வரும் வழியில் சின்னத் தடை இருந்தாலும் பசி எடுக்கும். ஆகவே வேகத்தில் மட்டும் திணறினால், முதலில் எண்ணெய் வரும் வழியைப் பாருங்கள். கார்பரேட்டரைக் கழற்றுவது பிறகு.

அண்ணன் இப்போது மூடிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் ‘திற’ என்று எழுதி வைத்திருக்கிறார். முதலில் ‘திர’ என்று எழுதினார். பிறகு அவரே திருத்திக்கொண்டார்.

திருகு திறந்தே இருக்கிறது. அப்படியும் திணறுகிறதா? டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே குழாயில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். கிளப்புவதற்கு முன் கையால் அமுக்குவோமே, அதுதான். கோளாறு எந்தப் பக்கம் என்பதை அதுவே சொல்லிவிடும்.

கடல் அமைதியாக இருக்கும்போது சோதியுங்கள். முகத்துவாரத்தில் வேண்டாம். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எஞ்சினைப் பிடிக்கட்டும். மற்றவர் உருண்டையைக் கையில் வைத்திருக்கட்டும். திணறல் வந்ததும் உருண்டையைப் பாருங்கள்.

உருண்டை சப்பிப் போயிருக்கிறதா? அப்படியானால் தடை டேங்க் பக்கம். திருகு மூடியிருக்கும். அல்லது டேங்கின் அடியில் குப்பை அடைத்திருக்கும். அல்லது குழாய் எங்கேயாவது மடங்கியிருக்கும். ஐஸ் பெட்டிக்கு அடியில் குழாய் நசுங்கிக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சப்பவில்லையா? இப்போது உருண்டையை அமுக்கி அமுக்கி விடுங்கள். திணறல் நின்று எஞ்சின் நன்றாக இழுக்கிறதா? அப்படியானால் எஞ்சின் தானாக எண்ணெய் இழுக்க முடியாமல் இருக்கிறது. குழாய் மூட்டில் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்து, காற்று உள்ளே போகலாம். இந்த ஒழுகல் வெளியே தெரியாது. எண்ணெய் சொட்டாது, காற்றுதான் புகும். ஆகவே வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். விலை குறைந்த சாமான்தான். அதுவும் சரியாக இருந்தால், எஞ்சினில் உள்ள சின்ன எண்ணெய் பம்பைப் பார்க்க வேண்டும். அதற்குள் ‘டயாபிரம்’ என்று ஒரு மெல்லிய தாள் துடிக்கும். அது விறைத்துப் போனாலும் கிழிந்தாலும் வேகத்துக்குத் தேவையான எண்ணெய் ஏறாது.

உருண்டையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். புதுக் குழாய் மாட்டும்போது சிலர் திருப்பி மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் எண்ணெயே வராது.

எண்ணெய் நன்றாக வருகிறது. ஆனால் அது எண்ணெய்தானா? டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வையுங்கள். சற்று நேரம் அசைக்காதீர்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். நடுவே கோடு போட்டது போலத் தெரியும். கரையில் நிற்கும்போது இந்தத் தண்ணீர் சும்மா கிடக்கும். படகு குதித்துக் குதித்து ஓடும்போதுதான் கலங்கி எஞ்சினுக்குப் போகும். இந்தச் சோதனை செய்யும்போது பீடி வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் எஞ்சினா? பெட்ரோலில் நன்றாக இழுத்து, மண்ணெண்ணெயில் மட்டும் திணறினால், மண்ணெண்ணெய் மேல் சந்தேகப்படுங்கள். எஞ்சின் சூடாகும் முன்பே மாற்றினாலும் திணறும். கொஞ்சம் பொறுத்து மாற்றுங்கள். நிறுத்தும் முன்பு மறுபடி பெட்ரோலுக்கு வந்துவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த முறை சுலபமாகக் கிளம்பும்.

அடுத்தது பிளக். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டுக் கழற்றுங்கள். முனை பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது. கறுத்து, எண்ணெய் வழிந்தால் நெருப்பு சரியாக விழவில்லை. இரண்டு பிளக் உள்ள எஞ்சினில் ஒன்று காய்ந்தும் ஒன்று ஈரமாகவும் இருக்கலாம். ஈரமாக உள்ள பக்கம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மண்ணெண்ணெய் எஞ்சினில் பிளக் சீக்கிரம் கரி பிடிக்கும். கடலுக்குப் போகும்போது புது பிளக்கும் பிளக் ஸ்பானரும் படகில் இருக்கட்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் கார்பரேட்டர். அதற்குள் பெரிய ஜெட் என்று ஒன்று உண்டு. வேகமாக ஓடும்போது எண்ணெய் முக்கியமாக அதன் வழியாகத்தான் போகும். மெதுவாக ஓட வேறு சின்ன ஜெட். ஆகவே பெரிய ஜெட் அடைத்தால், மெதுவாக ஓடும், வேகம் ஏறாது. ஜெட்டைக் கழுவிக் காற்றால் ஊத வேண்டும். கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தக் கூடாது. ஓட்டை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் வீண்தான்.

இன்னொரு கோளாறும் திணறல் போலவே தெரியும். எஞ்சின் கத்தும், படகு போகாது. இது எண்ணெய்க் கோளாறு இல்லை. எஞ்சினை நிறுத்தித் தூக்கி விசிறியைப் பாருங்கள். வலை நூல் சுற்றியிருக்கலாம். பிளாஸ்டிக் பை மாட்டியிருக்கலாம். அப்படி எதுவும் இல்லையென்றால், விசிறியின் நடுவில் உள்ள ரப்பர் வழுக்கலாம். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உள் இரும்பிலிருந்து வெளி இரும்பு வரை நேராக ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள். ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் ரப்பர் வழுக்குகிறது.

எதைப் பார்த்தாலும், எஞ்சினிலிருந்து பீச்சும் தண்ணீரை மறக்காதீர்கள். அது நின்றால் எஞ்சின் சூடேறும். உடனே நிறுத்துங்கள். சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைக்கும் எஞ்சின்களும் இருக்கின்றன. அதைத் திணறல் என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு நோட்டு வையுங்கள். பிளக் மாற்றிய தேதி, ரப்பர் வளையம் மாற்றிய தேதி, எண்ணெய்க்கு எத்தனை பங்கு ஆயில் கலந்தீர்கள் என்று எழுதுங்கள். ஆயில் அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். எஞ்சினோடு வந்த புத்தகத்தில் இருக்கும் அளவைப் பார்த்து எழுதுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். “உருண்டை சப்பலை, அமுக்கினா இழுக்குது” என்று சொல்லுங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்பது அவருக்கும் உடனே புரியும்.

நோட்டின் முதல் பக்கத்தில் 1554 என்று பெரிதாக எழுதுங்கள். அது கடலோரக் காவல் படையின் உதவி எண். நடுக்கடலில் எஞ்சின் நின்று படகு ஆபத்தில் மாட்டினால், போன் எடுக்கும் தூரத்தில் இருந்தால், அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.