கூடைப்பந்தில் ஐவரின் தரம் அறிவது எப்படி?

கூடைப்பந்தாட்டம் 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியரால் தோற்றுவிக்கப்பட்டது. மறு ஆண்டே செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை இதைத் தம் கல்லூரி மாணவியருக்குக் கற்றுக் கொடுத்தார். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து இடம் பெற்றதோ 1976-இல், மாண்ட்ரீல் நகரில்தான்.

ஆட்டம் முடிந்ததும் பெற்றோரும் தோழியரும் முதலில் கேட்பது, "யார் எத்தனை பாயிண்ட் போட்டாள்?" என்பதே. இக்கேள்வி இயல்பானதுதான். ஆனால் இதை மட்டும் கொண்டு ஓர் அணியின் முதல் ஐவரை மற்ற அணிகளோடு ஒப்பிட முடியுமா? இராஜபாளையத்து நூற்பாலைகளில் பஞ்சின் தரத்தை எடையைக் கொண்டு முடிவு செய்வதில்லை. இழையின் நீளம், நுண்மை, வலிமை ஆகிய அனைத்தையும் பார்க்கிறார்கள். ஆட்டக்காரியின் தரமும் அப்படித்தான்.

ஐவருக்கும் ஒரே வேலை அன்று. பாயிண்ட் கார்டு பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவள். ஷூட்டிங் கார்டு தொலைவிலிருந்து கூடையில் எறிபவள். ஸ்மால் பார்வர்டு பக்கவாட்டிலிருந்து பாய்ந்து தாக்குபவள். பவர் பார்வர்டும் சென்டரும் கூடையருகே நின்று, தவறித் திரும்பும் பந்தைக் கைப்பற்றுபவர்கள், இதுவே ரீபவுண்டு. எனவே ஒப்பீடு அவரவர் இடத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். நம் சென்டரைப் பிற அணிகளின் சென்டரோடுதான் ஒப்பிட வேண்டும்.

அடுத்து, மொத்தத்தைப் பார்க்காமல் சராசரியைப் பார்க்க வேண்டும். 6 ஆட்டங்களில் 60 புள்ளி எடுத்தவளின் சராசரி 10. 4 ஆட்டங்களில் 44 எடுத்தவளுக்கு 11. எத்தனை முறை எறிந்து அப்புள்ளிகளைப் பெற்றாள் என்பதும் முக்கியம்.

இதையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. புள்ளிகள், ரீபவுண்டுகள், கூடையில் முடிந்த பாஸ்கள் (அசிஸ்ட்), எதிரியிடம் பறித்த பந்துகள், தடுத்த எறிகள் ஆகியவற்றைக் கூட்டுக. தவறிய எறிகளையும் இழந்த பந்துகளையும் கழித்துவிடுக.

எடுத்துக்காட்டாக இரு மாணவியரைக் கொள்வோம். முதலாமவள் 20 முறை எறிந்து 7 கூடை போட்டு 14 புள்ளி பெற்றாள். ரீபவுண்டு 2, அசிஸ்ட் 1. தவறிய எறிகள் 13, இழந்த பந்துகள் 4. கூட்டல் 17, கழித்தலும் 17. மிச்சம் பூஜ்யம்! இரண்டாமவள் 5 எறியில் 3 கூடை, 6 புள்ளி. ரீபவுண்டு 9, அசிஸ்ட் 3, பறித்த பந்து 2. தவறியவை 2, இழந்தது 1. கூட்டல் 20, கழித்தல் 3. மிச்சம் 17. கைதட்டல் யாருக்குக் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி ஐவரையும் சேர்த்துப் பார்ப்போம். 8 அணிகள் ஆடும் போட்டியில் நம் ஐவரும் அவரவர் இடத்தில் 3, 2, 4, 3, 3 ஆகிய வரிசைகளில் வந்தால் கூட்டுத்தொகை 15. வேறோர் அணிக்கு 1, 1, 6, 7, 8 என்றால் 23. கூட்டுத்தொகை குறைவாக உள்ள அணியே சீரான அணி. முதலிடம் பெற்றவள் ஒருத்திகூட நம்மிடம் இல்லாவிட்டாலும், எதிரணி காவலின்றி விட்டுவிடக்கூடிய பலவீனமான இடமும் நம்மிடம் இல்லை. ஆயினும் ஐந்து தவறுகள் செய்தவள் வெளியேற வேண்டும் என்பது விதி. ஆகவே வெளியில் அமர்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரிகளையும் மறந்துவிடலாகாது.

உலக அரங்கிலும் இதற்குச் சான்று உண்டு. 2004-இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டியில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி, பெரும் நட்சத்திரங்கள் நிறைந்த லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியை 4-1 என்று வென்றது. பிஸ்டன்ஸின் சென்டர் பென் வாலஸ் அப்பருவத்தில் ஆட்டத்துக்கு 9.5 புள்ளிகளே எடுத்தார், ரீபவுண்டுகளோ 12.4! நம் நாட்டுப் பெண்கள் அணி 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவு இறுதியாட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்றது. சென்னை வீராங்கனை அனிதா பால்துரை ஆடிய அணி அது. 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இரண்டே புள்ளி வித்தியாசமுள்ள ஆட்டத்தில், கைப்பற்றிய ஒரு ரீபவுண்டின் மதிப்பு என்ன என்பதை எண்ணிப் பாருங்கள்.

மாணவியரே, ஒன்றைக் கவனியுங்கள். போட்டியின் அதிகாரபூர்வப் பதிவுத்தாளில் புள்ளிகளும் தவறுகளும் குறிக்கப்படும். ரீபவுண்டுக்கும் அசிஸ்டுக்கும் அதில் இடமில்லை. கல்லூரியிலும் வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீடு கோரும் பெண்ணுக்குப் பதிவுகளே சாட்சி. எழுதப்படாத உழைப்பை யார் அறிவார்?

ஆகவே இராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, எங்கே ஆடச் சென்றாலும், அணியோடு ஒரு நோட்டும் பென்சிலும் செல்லட்டும். ஆடாத மாணவி ஒருத்தி பக்கத்தில் அமர்ந்து இவற்றைக் குறித்து வரட்டும். பள்ளி மாறினாலும், பயிற்சியாளர் மாறினாலும் அந்த நோட்டு பேசும். கூடையில் பந்தைப் போட்டவளோடு, பந்தை அவள் கையில் சேர்த்தவளும் அதில் இடம் பெறுவாள்.