ஏறினால் இறங்க வேண்டியதுதான்!

விமானத்தில் ஏறி, பெல்ட்டை மாட்டி, நிமிர்ந்து உட்காருவதற்குள் ஊர் வந்துவிட்டால் எப்படி இருக்கும்? ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் அப்படித்தான். வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகளின் விமான நிலையங்களுக்கு இடையே தூரம் வெறும் 2.7 கிலோமீட்டர். உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை இதுதான். லோகன்ஏர் நிறுவனம் இதை 1967இல் தொடங்கியது. கால அட்டவணைப்படி பயண நேரம் 2 நிமிடம். காற்று சாதகமாக இருந்தால் அதுவும் குறையும். 53 விநாடிகளில் போய்ச் சேர்ந்ததும் உண்டு. ஓடுவது இரட்டை என்ஜின் கொண்ட குட்டி விமானம். விமானிக்குப் பக்கத்து இருக்கையில்கூடப் பயணி உட்காரலாம். தீவுக்கு வேலைக்கு வந்துபோகும் ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் இதுதான் டவுன் பஸ்!