கைப்பிடி மாறினால் வேகம் மாறுமா?

சைக்கிளின் ஹேண்டில்பார் எதற்கு என்று கேட்டால், "திருப்புவதற்கு" என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் நம் முதுகு எவ்வளவு வளையும், காற்று எவ்வளவு தடுக்கும், ஆபத்து வந்தால் எவ்வளவு விரைவில் நிற்போம் என்பனவற்றையும் அது தீர்மானிக்கிறது. எனவேதான் பந்தய வீரர்கள் அதனை மாற்றி மாற்றிச் சோதித்து வந்திருக்கின்றனர்.

பந்தயச் சைக்கிளின் ஹேண்டில்பார் ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். மேற்பகுதியைப் பிடித்தால் சற்று நிமிர்ந்து இளைப்பாறலாம். கீழ்ப்பகுதியைப் பிடித்தால் குனிந்து காற்றை ஊடுருவிச் செல்லலாம். சமதரையில் விரையும்போது நம் உழைப்பின் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது.

1989 ஜூலை 23 அன்று, 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தின் இறுதி நாளில், அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். வெர்சேலிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவரும் தனியே ஓட்டவேண்டும். அவர் ஹேண்டில்பாரின் நடுவில் முன்னோக்கி நீண்ட கம்பிகளைப் பொருத்தி, முழங்கைகளை அவற்றின் மேல் ஊன்றி, உடலை ஒடுக்கி ஓட்டினார். பிரெஞ்சு வீரர் லாரன் ஃபின்யோனைவிட 58 விநாடி குறைவாக எடுத்துக்கொண்டு, மொத்தக் கணக்கில் 8 விநாடியில் வென்றார்! அவரது உடல் வலிமைக்கும் இதில் பங்குண்டு. எனினும் அக்கம்பிகளை உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் அந்தக் கம்பிகளைப் பிடித்திருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது. ஆகவே பலர் சேர்ந்து ஓடும் சாலைப் பந்தயங்களில் அவற்றுக்கு அனுமதி இல்லை. பின்னாளில் சில வீரர்கள் பிரேக் பிடிகளையே உள்நோக்கி மிகவும் சாய்த்துப் பொருத்தினர். 2024 முதல் 10 பாகைக்கு மேல் சாய்க்கலாகாது எனப் பன்னாட்டுச் சைக்கிள் சங்கம் விதித்தது.

வேகத்தையும் பாதுகாப்பையும் ஒருங்கே தந்த மாற்றமும் உண்டு. முன்பு கியர் மாற்றும் பிடி சட்டத்தின் சாய்ந்த குழாயில் இருந்தது. கியர் மாற்ற ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்தாக வேண்டும். 1990இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் பிரேக் பிடியிலேயே கியர் மாற்றும் வசதியைக் கொணர்ந்தது. கை விலகவேண்டிய தேவை மறைந்தது.

நம்மைப் போன்ற சிறிய கையுடையோர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. விரல் எட்டாத பிரேக், பிரேக் இல்லாததற்குச் சமமே. பல பிரேக் பிடிகளில் அவற்றை அருகே கொணரச் சிறு திருகாணி உண்டு. குறுகிய ஹேண்டில்பார்களும் கிடைக்கின்றன. சோதிக்க விரும்பினால் ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்வோம். பழைய நிலையைக் குறித்து வைப்போம். சாலைக்குப் போகுமுன் இரு பிரேக்குகளையும் அழுத்திப் பார்ப்போம்.

சைக்கிளுக்காக நாம் உடலை வருத்த வேண்டியதில்லை. நமக்கேற்ப அதனைத் திருத்திக்கொள்வதே அறிவுடைமை.