மணமுறிவும் பெற்றோர் விசாவும்

துணைவரின் பேரால் பிரிட்டனில் தங்க விசா பெற்ற நம்மவர், உறவு முறிந்தால் பிள்ளையையும் பிரிய நேருமோ என்று அஞ்சுகின்றனர். பிள்ளை பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றதாயின், 'பெற்றோர்' என்னும் தனி விசா வழி அவர்களுக்கு உண்டு. பிள்ளை பதினெட்டு வயதுக்குட்பட்டு அந்நாட்டில் வாழ்தல் வேண்டும். அதன் வளர்ப்பில் விண்ணப்பதாரர் உண்மையான பங்கு கொண்டிருத்தலும் வேண்டும்.

பொருள் நிலை பற்றியே பலர் மயங்குவதைக் காண்கிறோம். துணைவர் வழியில் புதிதாக விண்ணப்பிப்போருக்கு 2024 ஏப்ரல் 11 முதல் ஆண்டு வருவாய் 29,000 பவுன் என்று வரம்பு விதிக்கப்பட்டது. பெற்றோர் வழிக்கு அவ்வரம்பு இல்லை. அரசின் உதவித்தொகையை நாடாமல் வாழ இயலும் என்று காட்டினால் போதும். வரி நீங்கிய வருவாயில் வாடகை முதலிய வீட்டுச் செலவைக் கழித்தால் எஞ்சுவது, அதே அளவுள்ள பிரிட்டிஷ் குடும்பத்துக்கு வகுக்கப்பட்ட வருமான உதவித்தொகைக்குக் குறையலாகாது. வாரம் 400 பவுன் கைக்கு வந்து, வீட்டுச் செலவு 220 ஆயின், எஞ்சும் 180 பவுனே அத்தொகையோடு ஒப்பிடப்படும்.

வருவாய் போதாவிடினும், பிள்ளையை அந்நாட்டைவிட்டு வெளியேறச் செய்வது நியாயமன்று என்று கருதப்படுமாயின் விதிவிலக்கு உண்டு.

பிரிவு தெரியவந்ததும் பழைய விசாவின் காலம் சுருக்கப்படலாம். ஆதலின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைத் திரட்டி, காலம் தாழ்த்தாது விண்ணப்பிக்குமாறு அங்குள்ள உறவினர்க்கு நாம் எடுத்துரைப்போமாக.