மேற்குப் பார்த்த மைதானம்

2019 ஜனவரியில் நேப்பியரில் நடந்த இந்தியா - நியூசிலாந்து ஒருநாள் போட்டி வெயிலால் நின்றது. மழை இல்லை, வெளிச்சக் குறைவும் இல்லை. இந்தியா 1 விக்கெட்டுக்கு 44 ரன் எடுத்திருந்தபோது, சாயும் சூரியன் மட்டையாளரின் கண்ணுக்கு நேரே வந்து நின்றுகொண்டது. ஏறக்குறைய அரை மணி நேரம் எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கூத்து வேறு எங்காவது உண்டா என்று தூத்துக்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. அமெரிக்காவில் ஒரு சிற்றூர் மைதானத்தில் கோடைக்காலம் முழுக்க இதே கதைதான் நடந்துவந்தது. அங்கே ஆடியது கிரிக்கெட் இல்லை, பேஸ்பால்.

ஊர் பிட்ஸ்ஃபீல்ட். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கு ஓரம், பெர்க்‌ஷயர் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. மக்கள்தொகை ஏறக்குறைய 44,000. ஹெர்மன் மெல்வில் 'மோபி டிக்' நாவலை எழுதி முடித்தது இந்த ஊரில் இருந்தபோதுதான். மைதானத்தின் பெயர் வஹ்கோனா பார்க். 1919-இல் அமைத்தார்கள். 1950 வாக்கில் எழுந்த அதன் மர அரங்கம், அமெரிக்காவில் மிஞ்சிய கடைசிச் சில மர அரங்கங்களில் ஒன்று என்று பெயர் பெற்றது.

பேஸ்பால் விதிகளை விளக்கிக்கொண்டிருக்கப் போவதில்லை. நமக்கு வேண்டியது ஒரே ஒரு சங்கதி. பந்தடிப்பவர் நிற்கும் இடத்திலிருந்து பந்தெறிபவரின் மேடை வரைக்கும் 18.44 மீட்டர். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அதைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. அதற்குள் பந்து எறிபவரின் கையை விட்டுப் பிரிந்ததைப் பார்த்து, அடிக்கலாமா விடலாமா என்று முடிவெடுத்து, மட்டையையும் வீசியாக வேண்டும். எறிபவரின் தலைக்குப் பின்னால் சூரியன் இருந்தால் பார்ப்பதற்கு ஏது வழி? பந்து விலாவில் படும், அல்லது முகத்தில். இதனால்தான் பேஸ்பால் விதிப்புத்தகமே, அடிப்பவரிடமிருந்து எறிபவர் வழியாகப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்கிறது. கட்டாயம் இல்லை, பரிந்துரைதான். கிரிக்கெட்டிலும் பிட்ச்சை வடக்கு தெற்காகப் போடுவதே வழக்கம். நேப்பியரில் அது கிழக்கு மேற்காகக் கிடந்தது.

வஹ்கோனாவில் அடிப்பவர் பார்ப்பது நேர் மேற்கே. கட்டியவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. 1919-இல் மைதானங்களில் மின்விளக்கு கிடையாது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆட்டம் தொடங்கும், சூரியன் தாழ வருவதற்குள் அநேகமாக முடிந்துவிடும். தொழில்முறை அணிகள் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டங்களை நடத்தத் தொடங்கியது 1930 வாக்கில். வேலை முடிந்து வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஆட்டம் இரவு 7 மணிக்குத் தள்ளிப்போனது. அந்த ஊரில் ஜூன் மாதச் சூரியன் மறைய எட்டரை ஆகிவிடும். ஆட்டம் சூடுபிடிக்கிற நேரமும் சூரியன் கண்ணில் விழுகிற நேரமும் ஒன்றாகிப் போயின.

மேற்குப் பார்த்த வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். எங்கள் பழைய வாடகை வீடு அப்படித்தான். சாயங்காலம் வாசலில் வந்து நிற்பவர் கடன்காரரா மாமாவா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அம்மா மூங்கில் தட்டியை இறக்கிவிடுவாள். மைதானத்துக்குத் தட்டி கட்ட முடியுமா? கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் கட்டினார்கள். 1941-இல் எழுந்த சாம் லின் மைதானமும் இதே திசைக் கோளாறோடு பிறந்தது. எதிர் எல்லைக்கு அப்பால் உயரமாக ஒரு பெரிய மறைப்பை எழுப்பினார்கள், அதுவும் போதாமல் கோடையில் ஆட்டத்தையே தாமதமாகத் தொடங்கினார்கள். பிட்ஸ்ஃபீல்டில் இந்தச் சிரமம் எதுவும் படவில்லை. அம்பயர் கையைத் தூக்குவார், ஆட்டம் நிற்கும், சூரியன் இறங்குகிற வரை எல்லோரும் சும்மா இருப்பார்கள். ஜனங்கள் எழுந்துபோய் ஏதாவது வாங்கித் தின்பார்கள். 2012-இல் அங்கே வந்த அணிக்குப் பெயர் என்ன தெரியுமா? பிட்ஸ்ஃபீல்ட் சன்ஸ், அதாவது சூரியன்கள்.

இந்த ஊருக்கும் பந்தாட்டத்துக்கும் உள்ள தொடர்பு மைதானத்தைவிடப் பழையது. 1791-இல் புதிதாகக் கட்டிய சபைக் கூடத்தின் ஜன்னல் கண்ணாடிகளைக் காப்பாற்ற, அதைச் சுற்றி 80 கெஜத்துக்குள் யாரும் பந்து விளையாடக் கூடாது என்று ஊரார் ஒரு துணைவிதி போட்டார்கள். தடை செய்த ஆட்டங்களின் பட்டியலில் கிரிக்கெட்டும் இருக்கிறது, பேஸ்பாலும் இருக்கிறது. வரலாற்றாசிரியர் ஜான் தார்ன் ஒரு பழைய ஊர் வரலாற்று நூலில் இதற்கான குறிப்பைக் கண்டார். மூல ஆவணம் 2004-இல் உள்ளூர் நூலகத்திலேயே கிடைத்தது. 1839-இல் கூப்பர்ஸ்டவுனில் ஒருவர் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்ற கதை ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது, இது அதற்கு இன்னொரு அடி. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான முதல் பேஸ்பால் ஆட்டம் நடந்ததும் பிட்ஸ்ஃபீல்டில்தான்: 1859 ஜூலை 1, ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி வில்லியம்ஸ் கல்லூரியை 73-32 என்று வென்றது.

இத்தனை பெருமையும் ஒரு கூரையைத் தாங்கிப் பிடிக்கப் போதவில்லை.

மைனர் லீக் என்பது பெரிய அணிகளின் நாற்றங்கால். இளம் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தருவது பெரிய அணி, மைதானம் தருவது பெரும்பாலும் ஊர். 1965-இல் ஜார்ஜ் ஸ்காட், 1969-இல் கார்ல்டன் ஃபிஸ்க், 1987-இல் மார்க் கிரேஸ் என்று பின்னாளில் பேரெடுத்த பலர் வஹ்கோனாவில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆடியவர்களே. ரெட் சாக்ஸ், கப்ஸ், மெட்ஸ் என்று பெரிய அணிகளின் கிளை ஒன்று போனால் இன்னொன்று பிட்ஸ்ஃபீல்டுக்கு வந்துகொண்டிருந்தது. 1990-இல் பெரிய லீக்குகளும் மைனர் லீக்குகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் விளக்கு, உடைமாற்றும் அறை என்று எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தரம் விதித்தது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அதை நிறைவேற்றப் பணம் தேடவேண்டியது ஊர். பிட்ஸ்ஃபீல்டில் டிரான்ஸ்பார்மர் செய்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆலையில் இரண்டாம் உலகப் போரின்போது 13,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். 1980-களின் கடைசியில் அந்தத் தொழிலே ஊரைவிட்டுப் போய்விட்டது. 1960-இல் சுமார் 58,000 பேர் இருந்த ஊர் அது.

2001-இல் ஊர் நடுவே 1.85 கோடி டாலரில் புதிய அரங்கம் கட்ட ஒரு திட்டம் வந்தது. அதற்காக ஒரு பொது அமைப்பை உருவாக்கும் யோசனையை மக்கள் வாக்களித்துத் தோற்கடித்தார்கள். அந்தப் பருவத்தோடு மைனர் லீக் அணி நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகருக்குக் குடிபெயர்ந்தது. அப்போது ஜிம் பவுட்டன் வந்தார். பெரிய லீக்குகளின் இறுதித் தொடரான 1964 உலகத் தொடரில் யாங்கீஸ் அணிக்காக இரண்டு ஆட்டங்களை வென்ற பந்தெறிபவர். வீரர்களின் அறைக்குள் நடப்பதை 'பால் ஃபோர்' என்ற நூலில் போட்டு உடைத்தவர். ஊர்ப் பணம் வேண்டாம், தனியார் பணத்தில் பழைய மைதானத்தைச் செப்பனிடுகிறோம் என்று கூட்டாளிகளோடு முன்வந்தார். நகராட்சி தரப்பில் மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தை 2003-இல் தானே ஒரு புத்தகமாக வெளியிட்டார், பெயர் 'ஃபவுல் பால்'. பவுட்டன் சண்டைக்காரர், அவருடைய புத்தகத்தில் எதிர்த்தரப்பின் நியாயத்தைத் தேடக் கூடாது. ஆனாலும் பழையதைப் பழுது பார்ப்பது அதிகாரம் உள்ளவர்களுக்கு ஏன் இவ்வளவு கசக்கிறது என்ற அவருடைய கேள்வி எனக்கும் உண்டு. ஆணி அடித்ததற்கும் சாயம் பூசியதற்கும் யாரும் கல்வெட்டு வைப்பதில்லை, அதுதான் காரணமோ என்னவோ.

2005-இல் வஹ்கோனா பார்க் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. பதிவேட்டில் பேர் ஏறுவது மரியாதை, மராமத்து வேறு. 2022-இல் பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டு, அரங்கத்தில் ஆட்களை உட்கார வைப்பது ஆபத்து என்றார்கள். அரங்கம் மூடப்பட்டது, அடுத்த ஆண்டுப் பருவத்தைச் சன்ஸ் அணி ரத்து செய்தது. புதுப்பிக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டபோது, ஒரு திட்டத்தின் மதிப்பீடு 2 கோடி டாலரைத் தாண்டியது. 2001-இல் புத்தம் புதிய அரங்கத்துக்குச் சொன்ன தொகையைவிட அது அதிகம்.