உப்பும் தேவையின் நெகிழ்ச்சியும்

விலை ஏறினால் ஜனங்கள் குறைவாக வாங்குவார்கள் என்பது யாவரும் அறிந்ததே. எவ்வளவு குறைவாக வாங்குவார்கள் என்பதில்தான் வியாபாரியின் லாபமும் சர்க்காரின் வருமானமும் ஏழையின் கஷ்டமும் அடங்கியிருக்கின்றன. இதைத் 'தேவையின் நெகிழ்ச்சி' என்பர் பொருளாதார சாஸ்திரிகள். கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஆல்பிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட நூலின் மூலம் இக்கருத்து சாஸ்திரத்தில் நிலைபெற்றது.

கணக்கு எளிது. ஒரு வியாபாரி 10 ரூபாய் விலையில் 100 படி விற்று 1,000 ரூபாய் பெறுகிறான் என்று கொள்வோம். விலையை 11 ரூபாயாக்கியதும் விற்பனை 80 படியாகக் குறைந்தால் அவனுக்குக் கிடைப்பது 880 ரூபாய், நெகிழ்ச்சி 2. விற்பனை 98 படியாக நின்றாலோ 1,078 ரூபாய் கிடைக்கும், நெகிழ்ச்சி 0.2. நெகிழ்ச்சி ஒன்றுக்கு மேற்பட்டால் விலையேற்றம் விற்பவனுக்கு நஷ்டம். ஒன்றுக்குக் குறைந்தால் லாபம். மாற்றுப் பண்டம் இல்லாதது, இன்றியமையாதது, வரவில் சிறு பங்கையே கேட்பது ஆகியவற்றுக்கு நெகிழ்ச்சி குறைவு. இம்மூன்று லக்ஷணங்களும் ஒருங்கே பொருந்தியது உப்பு.

இந்த உண்மையை இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் சர்க்கார் நன்கு உணர்ந்திருந்தது. சுமார் 37 கிலோ கொண்ட ஒரு மணங்கு உப்புக்கு 1888-இல் வரி ரூ. 2-8-0 ஆக உயர்த்தப்பட்டது. 1902-இல் வைஸ்ராயின் சட்டசபையில் கோகலே இவ்வரியைக் குறைக்கும்படி வாதாடினார். 1903 முதல் படிப்படியாகக் குறைத்து, 1907-இல் ஒரு ரூபாயாக்கினார்கள். உடனே உப்பின் செலவு நாடெங்கும் பெருகிற்று.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். செலவு பெருகியதென்றால், அதுவரை எவரோ உப்பைச் சுருக்கியே உண்டு வந்தார்கள் என்பது அர்த்தம். வரி குறைந்த விகிதத்துக்குச் செலவு பெருகவில்லை என்பதும் மெய்யே. ஆகவே மொத்தக் கணக்கில் உப்பின் நெகிழ்ச்சி குறைவென்ற சாஸ்திர விதி பொய்க்கவில்லை. ஆனால் மொத்தக் கணக்கு என்பது சராசரி. தனவந்தன் வீட்டில் உப்பு விலை எது ஆனாலும் ஒரு குன்றிமணி குறையாது. கூலிக்காரன் வீட்டிலோ கஞ்சிக்கு இடும் உப்பும், மாட்டுக்கு வைக்கும் உப்பும் குறைந்துவிடும். இருவரையும் கூட்டி வகுத்துப் பார்க்கும் கஜானாவுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

1923-இல் ரூ. 1-4-0 ஆக இருந்த வரியை மீண்டும் ரூ. 2-8-0 ஆக இரட்டித்தார்கள். இந்தியச் சட்டசபை நிராகரித்தும், ரீடிங் பிரபு தமது விசேஷ அதிகாரத்தால் அதை நிறைவேற்றினார். மறு வருஷமே பழைய விகிதத்துக்குத் திரும்ப நேர்ந்தது. 1930-இல் தண்டியில் காந்தியடிகளும், வேதாரண்யத்தில் ராஜாஜியும் உப்பு அள்ளியபோது ஜனங்கள் ஏன் திரண்டார்கள் என்பதை இதிலிருந்து அறியலாம். எவராலும் தவிர்க்க முடியாத பண்டமாகையால் அதன்மீது விதித்த வரி எல்லோரையும் தொட்டது. வரி வசூலுக்கு எது வசதியாக இருந்ததோ, அதுவே கிளர்ச்சிக்கும் வசதியாயிற்று. 1947-இல் இடைக்கால சர்க்கார் அவ்வரியை ஒழித்தது. இன்றைய சரக்கு சேவை வரியிலும் சாதாரண உப்புக்கு விலக்கு உண்டு.

உப்பைவிட்டு வேறு பண்டங்களுக்கு வந்தாலும் விதி ஒன்றே. எந்தப் பண்டத்துக்கு வரி போட்டாலும் விற்பனை குறையவில்லை என்று அதிகாரிகள் கணக்குக் காட்டினால், ஜனங்கள் அதை மனமுவந்து ஏற்றார்கள் என்று நாம் எண்ணிவிடலாகாது. வாங்குவோனுக்கு வேறு வழியுண்டா, அதை வாங்குவதற்காக அவன் வேறு எதைக் கைவிட்டான் என்று கேட்க வேண்டும். நெகிழாத தேவை சம்மதத்தின் அடையாளமன்று. பெரும்பாலும் அது நிர்ப்பந்தத்தின் அடையாளமே.